விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே

உசிலம்பட்டி வட்டாரத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, மண்டபத்து வாசலில் இப்போதெல்லாம் ஒரு மேசை, மேலே ஒரு மடிக்கணினி, பக்கத்தில் சின்னதாக ஒரு பிரிண்டர். கம்ப்யூட்டர் மொய். வருகிறவர் ஊரையும் பெயரையும் தொகையையும் சொல்லச் சொல்ல, உட்கார்ந்திருப்பவர் தலை நிமிராமல் அடிக்கிறார். ரசீது வந்து விழுகிறது. அவர் விரல் படும் விசைகளில் பொறித்திருப்பது ஆங்கில எழுத்து. திரையில் விழுவது தமிழ். நடுவில் யாரோ மாற்றித் தருகிறார்கள்.

அந்த யாரோ ஒரு சின்ன மென்பொருள். அதே வகை மென்பொருளைச் செல்பேசியில் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு தமிழ் விசைப்பலகைச் செயலியை இயக்கப் போனால், நீங்கள் அடிக்கும் எல்லாவற்றையும், கடவுச்சொல், கடன் அட்டை எண் வரைக்கும், இது சேகரிக்கக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை எழும். சிலர் பயந்து பின்வாங்குவார்கள். பலர் படிக்காமலே சரி என்று தட்டுவார்கள். மடிக்கணினியில், அதிலும் விண்டோஸ் கணினியில், இப்படி ஒரு கேள்வி வந்து யாரும் பார்த்ததில்லை. அங்கே மட்டும் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டா வேலை செய்கிறது? இல்லை. செல்பேசியில் பார்ப்பதைவிடக் கூடுதலாகவே அங்கே பார்க்க முடியும். பிறகு ஏன் ஒன்று கேட்கிறது, மற்றது கேட்பதில்லை?

விசையிலிருந்து தொடங்குவோம். விசைப்பலகைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. யுஎஸ்பி விசைப்பலகையில் 'ஏ' என்று பொறித்த விசையை அழுத்தினால், கணினிக்குப் போவது 4 என்ற எண். 'பி' என்றால் 5. எந்த இடத்து விசை அழுந்தியது என்று சொல்லும் அடையாள எண், அவ்வளவுதான். விரலை எடுத்த செய்தியும் பின்னாலேயே போகும். அந்த எண்ணை வாங்கி, அது என்ன எழுத்து, எந்தச் சாளரத்துக்குச் சேர வேண்டியது என்று முடிவு செய்வது இயங்குதளம், அதாவது விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்றவை. ஒரே நேரத்தில் பத்து நிரல்கள் திறந்திருக்கலாம். எது முன்னால் நிற்கிறதோ அதற்குத்தான் எழுத்து போகும். மொய் நிரல் முன்னால் இருந்தால் அதற்கு, இணைய உலாவி முன்னால் இருந்தால் அதற்கு.

ஆனால் தமிழ் மென்பொருள் எப்போதும் முன்னால் நிற்பதில்லையே. திரையின் கீழ் மூலையில் ஒரு குட்டிப் படமாக உட்கார்ந்திருக்கிறது. தன் பெயருக்கு வராத விசை அதன் கைக்கு எப்படிக் கிடைக்கிறது?

வைகை அணையில் நீர் ஏறினால் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விடுவார்கள். அது உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வரும். கடைசிக் கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீரும் மேலே உள்ள மடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். மடையில் நிற்பவர் அதை அப்படியே விடலாம், சற்று நிறுத்தி வைக்கலாம், வேறு பக்கம் திருப்பவும் செய்யலாம். விசைப்பலகையிலிருந்து சாளரத்துக்கும் இப்படி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த வாய்க்காலில் மடை போட்டு உட்கார எந்த நிரலுக்கும் விண்டோஸ் இடம் தருகிறது. நிரலாளர்கள் இதை ஹுக் என்பார்கள். நாம் கொக்கி எனலாம். 'இனி வரும் ஒவ்வொரு விசையையும் முதலில் என்னிடம் காட்டு, பிறகு உரியவருக்கு அனுப்பு' என்று ஒரு நிரல் கேட்டுவிட்டால் போதும். கணினியின் உரிமையாளரான உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே விண்டோஸ் சம்மதித்துவிடும்.

மடையில் உட்கார்ந்துகொண்டு தமிழ் மென்பொருள் செய்யும் வேலை அழகானது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் 'அம்மா' என்று அடிக்க ஏ, கே, கே, க்யூ என நான்கு விசைகள். 'ஏ' வந்ததும் அ. முதல் 'கே' வந்ததும் ம. இரண்டாவது 'கே' வரும்போது, இதற்கு முன் வந்ததும் இதே ம-தான் என்று மென்பொருளுக்கு நினைவிருக்க வேண்டும். அப்போதுதான் முதல் ம-வுக்குப் புள்ளி வைத்து 'ம்ம' ஆக்க முடியும். அடுத்து வரும் 'க்யூ' விசை ஆ. அது கடைசி ம-வோடு சேர்ந்து 'மா' ஆகிறது. புள்ளி வைப்பதும் உயிரை மெய்யோடு ஒட்டுவதும் முந்தைய விசை தெரியாமல் நடக்காது. ஆக, பார்ப்பது மட்டும் போதாது, நினைவில் வைக்கவும் வேண்டும். எவ்வளவு? ஒன்றிரண்டு விசை. இடைவெளி விசையைத் தட்டிவிட்டால் அதையும் மறந்துவிடலாம்.

முகுந்தராஜும் நண்பர்களும் உருவாக்கிய எ-கலப்பை, சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். ரைட்டர், விஸ்வநாதனின் அழகி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்று ஒரு தலைமுறையே இவற்றால்தான் கணினியில் தமிழ் எழுதியது. விண்டோஸில் எந்த நிரலுக்குள்ளும் தமிழ் வர வேண்டும் என்றால், ஏதோ ஒரு விதத்தில் விசையை இடையில் வாங்கியே ஆக வேண்டும். இதில் குற்றம் எதுவும் இல்லை. வேறு வழியும் அன்றைக்கு அதிகம் இருக்கவில்லை.

மென்பொருள் உண்மையிலேயே எல்லாவற்றையும் பார்க்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சான்று அவர்கள் அனுபவத்திலேயே இருக்கிறது. தமிழை அணைக்க மறந்துவிட்டு மின்னஞ்சலுக்கான கடவுச்சொல்லை அடித்திருப்பீர்கள். சரியாகத்தான் அடித்தோம், ஏன் தவறு என்கிறது என்று குழம்பியிருப்பீர்கள். உற்றுப் பார்த்தால், அடித்த விசைகளின் எண்ணிக்கையும் பெட்டியில் விழுந்த புள்ளிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. என்ன நடந்தது? உங்கள் கடவுச்சொல்லின் ஒவ்வொரு விசையையும் மென்பொருள் வாங்கித் தமிழாக்கி உள்ளே அனுப்பியிருக்கிறது. உங்கள் கண்ணுக்கே காட்டாமல் புள்ளியாக மறைத்ததை அது முழுதாகக் கண்டிருக்கிறது. கொக்கி போட்ட நிரலுக்குக் கடவுச்சொல் பெட்டி, மொய்ப் பெயர்ப் பெட்டி என்ற வேறுபாடு தெரியாது. எல்லாம் ஒரே தண்ணீர்.

கணினிப் பாதுகாப்பு ஆட்கள் கீலாகர் என்று சொல்லும் வேவு நிரல், இதே கொக்கியைத்தான் மாட்டுகிறது. விசைவேவி என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ் மென்பொருள் ஒரு விசையை வாங்கி மாற்றி மறந்துவிடுகிறது. விசைவேவி வாங்கி, மாற்றாமல் விட்டு, மறக்காமல் எழுதி வைக்கிறது. இயங்குதளத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சில நேரம் அப்பாவியைப் பிடித்து அடைத்துவிட்டுக் கள்ளனைக் கோட்டை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்ட எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். 2017 மே மாதம் சுவிட்சர்லாந்தின் மாட்ஸீரோ நிறுவனத்தார், எச்பி மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலிக்கான துணைநிரல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். கொனெக்ஸன்ட் நிறுவனம் எழுதிய நிரல் அது. மைக்கை அணைக்கும் விசை ஒன்று அழுந்துகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அந்த ஒற்றை விசைக்காக அது எல்லா விசைகளையும் கவனித்தது. கவனித்ததோடு நிற்காமல், அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எவரும் திறந்து படிக்கக்கூடிய ஒரு கோப்பில் எழுதியும் வைத்தது. சோதனைக்காக எழுதிய வரிகளை நீக்காமல் விட்டதன் விளைவு என்று விளக்கம் வந்தது, திருத்தமும் வந்தது. அந்தக் கோப்பு யாருக்கும் அனுப்பப்படவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

விண்டோஸ் ஏன் கேட்பதில்லை என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. மேசைக் கணினிகளின் அடித்தளம் 1980-களில் போடப்பட்டது. ஒரு கணினியில் ஓடும் நிரல் எல்லாம் அதன் உரிமையாளர் தானே தேர்ந்து போட்டவை, அவை ஒன்றை ஒன்று நம்பலாம் என்பது அன்றைய எண்ணம். லினக்ஸ் கணினிகளில் பல பத்தாண்டுகள் திரையை நிர்வகித்த எக்ஸ் அமைப்பு 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. அதன் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது. அதில் இந்த நம்பிக்கை இன்னும் வெளிப்படை. நீங்களே சோதிக்கலாம். எக்ஸ் வழியாக ஓடும் லினக்ஸில் எக்ஸ்இன்புட் என்ற சிறு கருவியை ஒரு சாளரத்தில் ஓடவிட்டு, இன்னொரு சாளரத்துக்குப் போய் உலாவியில் எதையாவது அடியுங்கள். பின்னால் இருக்கும் சாளரத்தில் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். நிர்வாகிக் கடவுச்சொல் தேவையில்லை, கொக்கி மாட்டும் சிரமம்கூட இல்லை. முதல் முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

செல்பேசிகள் பிந்திப் பிறந்தவை. யார் எழுதியது என்று தெரியாத ஆயிரம் செயலிகளை மக்கள் இறக்கிக்கொள்வார்கள் என்று முதலிலேயே எதிர்பார்த்து, ஒவ்வொரு செயலிக்கும் சுவர் எழுப்பி வைத்தார்கள். ஒரு செயலி அடுத்ததன் விசையைப் பார்க்க முடியாது. விசைப்பலகைச் செயலி முக்கியமான விதிவிலக்கு. அதனால்தான் அதற்கு அந்த எச்சரிக்கை.

மேசைக் கணினிகளும் மெல்ல மாறின. 2007-இல் மக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரல்களுக்குப் போகும் விசைகளைச் சாதாரண நிரல்கள் இடைமறிக்க முடியாதபடி செய்தது. நிர்வாகியாகத் திறந்த நிரலில் மட்டும் தமிழ் வரமாட்டேன் என்கிறதே என்று பலர் சலித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான், பழுதல்ல, பாதுகாப்பு. 2019-இல் வந்த மேக் கேட்டலினா பதிப்பு, பிற நிரல்களில் அடிக்கும் விசைகளைக் கவனிக்க விரும்பும் நிரல் உங்கள் அனுமதி பெற வேண்டும் என்றாக்கி, அனுமதி பெற்றவர்களின் பட்டியலையும் அமைப்புகளில் காட்டியது. கடவுச்சொல் பெட்டியில் இருக்கும் நேரம் கேட்பவர்கள் எல்லாரையும் வெளியே நிறுத்தும் வழியும் மேக்கில் உண்டு. லினக்ஸில் 2008-இல் தொடங்கிய வேலண்ட் அமைப்பு எக்ஸின் இடத்தைப் பிடித்து வருகிறது. அதில் முன்னால் நிற்கும் சாளரத்துக்கு மட்டுமே விசை. தமிழ் அடிக்க உதவும் நிரலுக்கு உள்ளீட்டு முறை என்ற பெயரில் தனியாக ஒரு வாசல். எவரும் எங்கும் மடை போடலாம் என்பது போய், மடைக்கென்று ஓர் இடம், அங்கே நிற்பவர் யார் என்று ஊருக்குத் தெரியும் என்ற நிலை.

ஒரேயடியாகத் தடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் விசைகளைக் கவனித்தே இயங்குகின்றன. நாமும் தமிழ் அடிக்க வேண்டும். பார்க்கும் உரிமை சிலருக்கு வேண்டியே இருக்கிறது.

எனக்கு இந்த அனுமதிக் கேள்விகளின் மேல் ஒரு குறை உண்டு. 'இந்த நிரல் நீங்கள் அடிப்பதைப் பார்க்கலாமா' என்று கேட்கிறார்கள். தமிழ் மென்பொருளைப் பொறுத்தவரை இது பொருளற்ற கேள்வி. பார்க்காமல் அதனால் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. கேட்க வேண்டியது, பார்த்ததை வெளியே கொண்டுபோகலாமா என்று. எச்பி கோப்பு யாருக்கும் அனுப்பப்படவில்லை என்பதை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மடையில் நிற்பவர் தண்ணீரைத் தொடுகிறாரா என்பதில் என்ன இருக்கிறது? அவருக்குப் பின்னால் கரையை வெட்டி ஒரு கள்ள வாய்க்கால் போகிறதா என்றல்லவா பார்க்க வேண்டும்?

வேவு பார்த்தவர்களுக்கு இது தட்டச்சுப்பொறிக் காலத்திலேயே தெரியும். 1984-இல் மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்திலிருந்த சாதனங்களைத் திரும்ப எடுத்துவந்து எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, ஐபிஎம் செலக்ட்ரிக் மின் தட்டச்சுப்பொறிகளில் ஓர் உலோகக் கம்பிக்குள் வேவுக் கருவி இருந்தது தெரிந்தது. மாஸ்கோவிலும் லெனின்கிராடிலுமாக மொத்தம் 16 பொறிகள். எந்த எழுத்து அடிக்கப்படுகிறது என்பதை உள்ளே நகரும் பாகங்களிலிருந்து கண்டுபிடித்து, சேர்த்து வைத்து, வானொலி அலையாக ஒரே வீச்சில் வெளியே அனுப்பியது அது. எழுத்தைப் படிக்கும் பகுதி பாதிதான். அனுப்பும் பகுதி இல்லாவிட்டால் சோவியத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நம் காலத்துக்கு வருவோம். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் 2023-இல் சீனாவில் மிகப் பரவலான சோகோவ் விசைப்பலகையை ஆராய்ந்தார்கள். நிரலைப் பிரித்துப் படித்தார்கள், அது இணையத்தில் அனுப்புவதை இடையில் பிடித்துப் பார்த்தார்கள். மக்கள் அடித்தது நிறுவனத்தின் கணினிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பூட்டு பலவீனமாக இருந்ததால் வழியில் இருக்கும் வேறொருவரும் படிக்க முடிந்தது. 2024 ஏப்ரலில் ஒன்பது நிறுவனங்களின் சீன விசைப்பலகைகளைச் சோதித்ததில் எட்டில் இதே வகை ஓட்டை. ஹுவாவே மட்டும் தப்பியது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு கோடி வரை இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

சீன விசைப்பலகை ஏன் இணையத்துக்குப் போகிறது? ஒலியை ஆங்கில எழுத்தில் அடித்தால் அதே ஒலிக்குப் பல சீன எழுத்துகள் இருக்கும். எது பொருந்தும் என்று ஊகிக்க மிகப் பெரிய அகராதி வேண்டும், நேற்றுப் புழக்கத்துக்கு வந்த பெயர்களும் வேண்டும். தொலைவில் உள்ள பெரிய கணினியைக் கேட்பது அவர்களுக்கு வசதி. தமிழுக்கு இந்தத் தேவையே கிடையாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. உயிரும் மெய்யும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மாறாத விதி. கிரந்த எழுத்துகளைச் சேர்த்தாலும் மொத்த விதியையும் ஒரு தாளில் எழுதிவிடலாம். 'அம்மா'வுக்குப் புள்ளி வைக்க உலகத்தில் எந்தக் கணினியையும் கேட்க வேண்டியதில்லை. சொல்லை ஊகித்துத் தரும் வசதியும் குரல்வழித் தட்டச்சும் வேறு கதை. எழுத்தை மட்டும் மாற்றித்தரும் ஒரு தமிழ் மென்பொருள் இணையத்துக்குப் போக வேண்டும் என்றால், எதற்கு என்று அது சொல்லியாக வேண்டும்.

இந்தச் சரியான கேள்வியை ஓரளவு கேட்பது ஐபோன் மட்டுமே. அங்கே வெளியார் விசைப்பலகைக்கு 'முழு அணுகல்' தராவிட்டால் அது இணையத்தைத் தொட முடியாது. தமிழ் மட்டும் அடித்துத் தரும். கடவுச்சொல் பெட்டி வந்தால் வெளியார் விசைப்பலகை விலகி, போனின் சொந்த விசைப்பலகை வந்துவிடும். ஆண்ட்ராய்டு பயமுறுத்தும் எச்சரிக்கையைத் தருகிறது, ஆனால் இணைய அனுமதியைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறது. விண்டோஸில் தீயரண் இருக்கிறது; அது இயல்பாக உள்ளே வருபவரைத்தான் மறிக்கும், வெளியே போகிறவரைக் கேட்காது.

மொய் மேசைக்குத் திரும்பினால் இது சின்ன விஷயமாகத் தோன்றாது. யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள், யார் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு ஒரு குடும்பத்தின் வரவு செலவு, உறவு, கடன் எல்லாம் சேர்ந்தது. ஒரு முகூர்த்த நாளில் ஓர் ஊரே அந்த விசைப்பலகை வழியாகப் போகிறது. அதே மடிக்கணினியில் மறுநாள் வங்கிக் கணக்கும் திறக்கப்படும். அதில் தமிழுக்காக என்ன மென்பொருள் ஓடுகிறது, எங்கிருந்து இறக்கியது என்று கேட்டால் பலர் நண்பர் ஒருவர் பென்டிரைவில் தந்ததாகச் சொல்வார்கள்.

செய்யக்கூடியது கடினமில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தமிழ் அடித்துப் பாருங்கள். வந்தால், அந்த மென்பொருளுக்கு இணையம் தேவையில்லை என்று பொருள். ஆனால் இணைப்பு திரும்பியதும் அது எதையும் அனுப்பாது என்பதற்கு இது சான்றாகாது. ஆகவே அடுத்த வேலையாக விண்டோஸ் தீயரணில் அந்த நிரலுக்கு வெளியே போகும் வழியை அடைத்துவிடுங்கள். மொய் வாங்கியதும் குறுஞ்செய்தி போகும் ஏற்பாடு இருந்தால் மொய் நிரலுக்கு மட்டும் வழி இருக்கட்டும். பென்டிரைவில் வந்ததை நீக்கிவிட்டு, உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். எ-கலப்பையைப் போல மூலநிரல் திறந்து கிடந்தால் இன்னும் நல்லது. நாம் படிக்காவிட்டாலும் படிக்கத் தெரிந்தவர்கள் படிப்பார்கள்.

தமிழ் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் நிரல் இணையத்தைத் தொடுகிறதா, தொட்டால் எதை அனுப்புகிறது என்று நிறுவும் முதல் திரையிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள், தமிழில். வெளியார் மென்பொருளே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் பல ஆண்டுகளாக உடன் வருகின்றன. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் தமிழ்99 உண்டு. அமைப்புகளுக்குள் போய் மொழி என்ற இடத்தில் தமிழையும் அதற்குள் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்தால் போதும், காசு எதுவும் இல்லை.